விஸ்கான்சினில் லிங்க்ஸ் பாணி கோல்ஃப்: முன்பதிவு முதல் பதினெட்டாவது குழி வரை

கொடி 150 கெஜத்தில் இருக்கிறது. உங்கள் 7-அயர்ன் என்னும் இரும்புக் கிளப்பால் அடித்தால் பந்து 150 கெஜம் பறக்கும். அதை எடுத்து அடிக்கிறீர்கள். பந்து சரியாகக் கொடியருகே விழுகிறது. ஆனால் நிற்கவில்லை. இறுகிய தரையில் ஒருமுறை எகிறி, குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனின் பின்விளிம்பைத் தாண்டி, ஒட்ட வெட்டிய சரிவில் இறங்கி, இருபது கெஜம் கீழே போய் ஓய்கிறது. லிங்க்ஸ் பாணி மைதானத்துக்கு முதல்முறை வருகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். அடி சரி, கணக்குதான் தப்பு. இங்கே பந்து எங்கே விழுகிறது என்பதோடு, விழுந்தபின் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்த வழிகாட்டி அமெரிக்க மத்திய மேற்கின் விஸ்கான்சின் மாநிலத்தை எடுத்துக்கொள்கிறது. உறுப்பினராக இல்லாமலே, பணம் கட்டினால் யாரும் ஆடக்கூடிய சிறந்த மைதானங்கள் அங்கே சில மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன.

எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

லிங்க்ஸ் என்பது கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டு நிலம். கடலே இல்லாத விஸ்கான்சினில் உண்மையான லிங்க்ஸ் இருக்க வழியில்லை. ஆனால் லிங்க்ஸ் ஆட்டத்துக்குக் கடலைவிட முக்கியம், நீர் தங்காத மண், அதனால் இறுகும் தரை, தடையில்லாமல் வீசும் காற்று. இந்த மூன்றும் எவ்வளவு இருக்கின்றன என்பதில்தான் ஒவ்வொரு மைதானமும் வேறுபடுகிறது.

ஷெபாய்கன் ஊருக்கு வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் பார்வைக்கு அயர்லாந்துக் கடற்கரை போலவே இருக்கும். பீட் டை வடிவமைத்து 1998-ல் திறந்த மைதானம். 2004, 2010, 2015 பிஜிஏ சாம்பியன்ஷிப்புகளும் 2021-ல் ரைடர் கோப்பையும் அங்கே நடந்தன. முன்பு அது ராணுவப் பயிற்சி முகாம் இருந்த தட்டை நிலம். மேடுகளும் மணலும் லாரி லாரியாகக் கொண்டுவந்து உண்டாக்கியவை. நெக்கூசா அருகே உள்ள சாண்ட் வேலி இதற்கு நேர் எதிர். பனியுகத்து ஏரி ஒன்று விட்டுப்போன மணலின் மேலேயே அது உட்கார்ந்திருக்கிறது. பில் கூர், பென் கிரென்ஷா இருவரின் சாண்ட் வேலி 2017-லும், டேவிட் மெக்லே கிட்டின் மேமத் டியூன்ஸ் 2018-லும், டாம் டோக்கின் செட்ஜ் வேலி 2024-லும் திறந்தன. தரை ஆட்டத்துக்கு விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸைவிட சாண்ட் வேலிதான் லிங்க்ஸுக்கு நெருக்கம் என்பது எங்கள் துணிபு.

மில்வாக்கிக்கு வடமேற்கே சுமார் 35 மைலில் எரின் ஹில்ஸ். பனிப்பாறை உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மேடு பள்ளங்களில் பெரிதாக மண்ணைப் புரட்டாமல் விரித்த மைதானம். 2006-ல் திறந்தது; 2017-ல் யுஎஸ் ஓப்பனும் 2025-ல் பெண்கள் யுஎஸ் ஓப்பனும் நடந்தன. கிரீன் லேக் ஊரில் லாசோனியா லிங்க்ஸ் இருக்கிறது. லாங்ஃபோர்டும் மொரோவும் 1930-ல் அமைத்தது. விலையில் மற்ற மூன்றையும்விடக் கணிசமாகக் குறைவு, தரத்தில் குறைவில்லை.

பயண வரிசை

நான்கு நாள் இருந்தால் இப்படிப் போகலாம். முதல் நாள் மில்வாக்கியில் இறங்கி ஒன்றரை மணி நேரம் ஓட்டி, பிற்பகல் லாசோனியா. அன்றிரவே இன்னொரு ஒன்றரை மணி நேரம் ஓட்டி சாண்ட் வேலி. இரண்டாம், மூன்றாம் நாள் அங்கே. நான்காம் நாள் திரும்பும் வழியில் எரின் ஹில்ஸ். ஆட்டம் முடிந்து முக்கால் மணி நேரத்தில் மில்வாக்கி விமான நிலையம். சிகாகோ ஓஹேரில் இறங்குகிறவர்கள் போகவும் வரவும் தலா ஒரு மணி நேரமாவது கூட்டிக்கொள்ளுங்கள். விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கென ஒரு நாளைத் தனியாகச் சேர்ப்பதே நல்லது. சாண்ட் வேலியிலிருந்து வந்து அதே நாளில் ஆடிவிடலாம் என்று நினைத்தால் கால் ஒத்துழைக்காது.

வண்டி ஓட்டியபடி ஆட அனுமதிக்கும் லாசோனியாவை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. விமானத்தில் உட்கார்ந்து வந்த உடம்புக்கு அது இதமான தொடக்கம். மற்றவை நடந்து ஆடும் மைதானங்கள். மருத்துவக் காரணம் இருந்தால் முன்கூட்டியே கேட்டு வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நடையைக் கட்டாயமாக்கியிருப்பது பந்தாவுக்காக இல்லை. கிரீன் வரை போகும் புல்பாதையான ஃபேர்வேயில் வளர்வது ஃபெஸ்க்யூ என்னும் மெல்லிய புல். தண்ணீர் குறைவாகக் கேட்கும், தரையை இறுக்கமாக வைத்திருக்கும். ஆனால் வண்டிச் சக்கரம் திரும்பத் திரும்ப ஏறினால் தாங்காது, மீளவும் நாளாகும்.

ஒரே நாளில் 36 குழி ஆடும் ஆசையை சாண்ட் வேலியில் அடக்கிக்கொள்ளுங்கள். காலையில் 18 குழி, மாலையில் சாண்ட்பாக்ஸ் என்னும் 17 குழிச் சின்ன மைதானம். நான்கைந்து கிளப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வரலாம். தரையில் உருட்டும் ஆட்டத்தைப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

முன்பதிவில் கேட்க வேண்டியவை

பருவம் மே முதல் அக்டோபர் வரை. ஜூன் மாதம் மாலை எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். செப்டம்பரில் கூட்டமும் கொசுவும் குறைந்து, தரையும் நன்றாக இறுகியிருக்கும். எங்களைக் கேட்டால் அதுதான் நல்ல மாதம். கோடை நாட்களுக்கு ஆறு மாதம் முன்னாவது பதிவு செய்யுங்கள். மைதானத்திலேயே தங்குகிறவர்களுக்கு நேரம் முதலில் கிடைக்கும்.

போனில் பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கிரீனில் துளையிடும் வேலை எந்த வாரம்? அதன் பிறகு ஓரிரு வாரம் பந்து தத்தித் தத்தித்தான் உருளும், முழுக் கட்டணம் கொடுத்து அதில் ஆடுவது வீண். ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு வரை பணம் திரும்பும்? பையைச் சுமந்து வழி சொல்லும் கேடி வேண்டுமானால் எப்போது சொல்ல வேண்டும்?

செலவைப் பொறுத்தவரை, விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸில் மைதானக் கட்டணம் மட்டும் பருவகாலத்தில் 500 டாலரைத் தாண்டும். கேடிக்குக் கட்டணம் தனி, அன்பளிப்பு தனி. இரண்டும் சேர்ந்து ஒருவருக்கு 100 டாலருக்கு மேல் என்று வைத்துக்கொண்டு, அதை ரொக்கமாகவே எடுத்துச் செல்லுங்கள். பயணத்தில் ஒரே ஒரு நாள்தான் கேடிக்குச் செலவு செய்ய முடியும் என்றால் அது எரின் ஹில்ஸ் நாளாக இருக்கட்டும். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஃபேர்வேக்கள் அங்கே பல. எந்த மேட்டின் எந்தப் பக்கம் அடிப்பது என்று சொல்ல ஆள் இருந்தால் பல ஷாட் மிச்சம்.

காலும் பையும்

ஒரு ஆட்டத்துக்கு ஆறு முதல் எட்டு மைல் நடக்க வேண்டியிருக்கும், அதுவும் ஏற்ற இறக்கத்தில். ஆறு வாரம் முன்பே வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்குங்கள். கடைசி இரண்டு வாரம் பையைத் தோளில் மாட்டி நடங்கள். புது ஷூவைப் பயணத்தில் முதல்முறையாகப் போடாதீர்கள். இரண்டு ஜோடி ஷூ இருந்தால் காலைப் பனியில் நனைந்தது மறுநாளுக்குள் காயும். ஒன்பதாவது குழி முடிந்ததும் காலுறையை மாற்றினால் கொப்புளம் வராது. பையில் இன்னொரு ஜோடி கம்பளிக் காலுறை போதும்.

தோளில் சுமக்கும் இலகுவான பை எடுங்கள். விதிப்படி 14 கிளப் வைக்கலாம், 11 இருந்தாலே போதும். பந்து ஒன்பது, கையுறை இரண்டு, காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, மழைக் கையுறை, ஒன்றரை லிட்டர் தண்ணீர். பந்தை உயரத் தூக்கும் கிளப்பான வெட்ஜின் தேர்வில் மட்டும் கவனம் வேண்டும். அடிப்பாகம் பருத்த வெட்ஜ், அதாவது பவுன்ஸ் 12 டிகிரிக்கு மேல் உள்ளது, இறுகிய தரையில் பட்டதும் எகிறும். விளிம்பு பந்தின் வயிற்றில் மோதி, பந்து கிரீனைத் தாண்டி ஓடிவிடும். 4 முதல் 8 டிகிரி பவுன்ஸ் உள்ளது இங்கே பொருந்தும்.

எந்த டீயிலிருந்து?

உங்கள் 5-அயர்ன் நன்றாகப் பட்டால் எத்தனை கெஜம் போகுமோ அதை 36-ஆல் பெருக்குங்கள். 160 கெஜம் என்றால் 5,760. அந்த நீளத்துக்கு அருகில் உள்ள டீதான் உங்களுடையது. டிரைவர் என்னும் நெடுந்தூரக் கிளப்பால் 225 கெஜம் அடிக்கிறவருக்கும் ஏறக்குறைய 5,800 முதல் 6,000 கெஜம்தான் பொருந்தும். பெரிய போட்டி நடந்த மைதானமாயிற்றே என்று பின் டீக்குப் போகும் ஆசை எல்லோருக்கும் வரும். பின் டீயில் சில குழிகளில் ஃபேர்வேயை எட்டவே 200 கெஜத்துக்கு மேல் உயர் புல்லைத் தாண்டிப் பறக்க வேண்டும். எதிர்க்காற்று வீசினால் நாள் முழுக்கப் பந்து தேடுவதே வேலையாகிவிடும்.

காற்று

எதிர்க்காற்றுக்கும் பின்காற்றுக்கும் கணக்கு ஒன்றல்ல. மணிக்கு 1 மைல் எதிர்க்காற்றுக்குத் தூரத்தில் 1 சதவீதம் கூட்டுங்கள். பின்காற்றுக்கு அரை சதவீதம் மட்டும் கழியுங்கள். 15 மைல் எதிர்க்காற்றில் 150 கெஜம் என்பது சுமார் 172 கெஜ ஷாட். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் சுமார் 139. பின்காற்றில் பந்துக்குப் பிடிப்பு குறைந்து நெடுந்தூரம் உருளும். அந்த உருளலைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

எதிர்க்காற்றில் ஓங்கி அடிப்பது பெரிய பிழை. வேகம் கூடினால் பந்தின் பின்சுழற்சியும் கூடும். சுழற்சி பந்தை மேலே தூக்கும், மேலே போன பந்தைக் காற்று பிடித்து நிறுத்தி நேர் கீழே போட்டுவிடும். அதனால் இரண்டு கிளப் பெரிதாக எடுத்து, மெதுவாக அடியுங்கள். 7-அயர்ன் தூரத்துக்கு 5-அயர்ன். பிடியில் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடியுங்கள். பந்தை வழக்கமான இடத்திலிருந்து ஒரு பந்து அகலம் பின்காலின் பக்கம் வையுங்கள். எடை முன்காலில் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். முக்கால் வீச்சு, அடித்து முடித்தபின் கைகள் மார்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. இந்த ஷாட்டைப் பயணத்துக்கு முன் ஐம்பது அறுபது முறையாவது பயிற்சிக் களத்தில் அடித்துப் பழகியிருக்க வேண்டும்.

காற்று எந்தப் பக்கம் என்பதை, நிற்கும் இடத்துப் புல்லைக் கிள்ளிப் போட்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். எரின் ஹில்ஸில் டீ பள்ளத்தில் இருந்து கிரீன் மேட்டில் இருக்கும்போது இரண்டு இடத்திலும் காற்று வேறு. கொடித்துணியைப் பாருங்கள், தூரத்து உயர் புல் சாயும் திசையைப் பாருங்கள்.

காற்றும் இறுகிய தரையும் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட மைதானம் எவ்வளவு இளகிவிடும் என்பதற்கு 2017 யுஎஸ் ஓப்பனே சாட்சி. மழையில் தரை இளகியது, பெரும்பாலான நேரம் காற்றும் அடங்கியிருந்தது. வானில் அடித்த பந்துகள் விழுந்த இடத்திலேயே நின்றன. புரூக்ஸ் கெப்கா 16 அண்டரில், அதாவது நிர்ணயித்த அடிகளைவிட 16 குறைவாக அடித்து, வென்றார். மூன்றாம் நாள் ஜஸ்டின் தாமஸ் பதினெட்டுக் குழியை 63 அடியில் முடித்தார். நீங்கள் போகும் நாளுக்கு முந்தைய இரவு மழை பெய்திருந்தால் நீங்களும் வழக்கம்போல் கொடியைக் குறிவைக்கலாம். பிற்பகலில் தரை காயத் தொடங்கியதும் கணக்கை மாற்றுங்கள்.

உருள விடுவது

ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அதில் பாதி நேரத்தை டிரைவருக்குச் செலவழிக்காமல், பயிற்சி கிரீனுக்கு வெளியே நின்று 10, 20, 30 கெஜத்திலிருந்து மும்மூன்று பந்தைப் பட்டரால் (கிரீனில் உருட்டுவதற்கான கிளப்) உருட்டிப் பாருங்கள். அன்றைய தரையின் வேகம் கைக்குத் தெரிந்துவிடும். காலைப் பனி இருக்கும்போது ஒரு வேகம், பதினொரு மணிக்கு மேல் இன்னொரு வேகம்.

கிரீனுக்கு அருகே வந்ததும் முதலில் பட்டரை நினையுங்கள். புல் ஒட்ட வெட்டியிருந்து, இடையே மணலோ உயர் புல்லோ இல்லையென்றால் 30 கெஜத்திலிருந்தும் பட்டர் எடுக்கலாம். மோசமாக அடித்த பட்டர் ஷாட் பத்து பன்னிரண்டு அடி தள்ளி நிற்கும். மோசமாக அடித்த லாப் வெட்ஜ் கிரீனின் மறுபக்கத்தில் கிடக்கும். பட்டர் ஒத்துவராத இடத்தில் 8-அயர்ன். பந்து பின்கால் பக்கம், கைகள் பந்துக்கு முன்னே, மணிக்கட்டை மடக்காமல் பட்டர் போலவே தள்ளுவது. ஒரு பங்கு பறந்து மூன்று பங்கு உருளும் என்று தொடங்கி, தரையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

நீண்ட ஷாட்டுக்கும் இதே நினைப்புதான். 150 கெஜக் கொடிக்கு முன் 15 கெஜம் திறந்த பாதை இருந்தால், 135 கெஜத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்து அதுதான் இலக்கு என்று அடியுங்கள். பக்கவாட்டு மேடு இருந்தால் அதை நம்பலாம். மேமத் டியூன்ஸில் ஓரத்து மேடுகள் பந்தைக் கிரீனின் நடுவுக்குத் திருப்பிவிடும்படியே அமைந்திருக்கின்றன.

எல்லாக் குழிக்கும் இது பொருந்தாது. லாசோனியாவில் பல கிரீன்கள் வெட்டி நிறுத்திய மேடை போல உயரத்தில் இருக்கின்றன. அங்கே குட்டையாக விழுந்த பந்து உருண்டு ஏறாது, செங்குத்தான முகப்பில் மோதித் திரும்பி வரும். ஏழாவது குழி பார்-3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. கிரீனுக்குக் கீழே ஒரு ரயில் பெட்டியைப் புதைத்து மேடாக்கினார்கள் என்று தலைமுறையாகச் சொல்லி வரும் குழி அது. அங்கே ஒரு கிளப் கூடுதலாக எடுத்து, கிரீனின் நடுவுக்குப் பறக்க விடுங்கள். கொடி முன்னால் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள்.

எரின் ஹில்ஸ் ஒன்பதாவது

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய குழி. பார்-3, முன் டீயிலிருந்து இன்னும் குட்டை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே 135 முதல் 165 கெஜம்தான். டீ மேலே, கிரீன் கீழே. சின்னக் கிரீன், சுற்றிலும் ஓரம் பிய்ந்த மணல் பள்ளங்களான பங்கர்கள், விளிம்பெல்லாம் வெளிப்புறம் சரியும். டீயில் நிற்கும்போது காற்றுக்கு மறைப்பே இல்லை.

இறக்கம் என்பதால் பந்து வானில் கூடுதல் நேரம் இருக்கும். பக்கக் காற்று அதை அவ்வளவுக்குக் கூடுதலாக நகர்த்தும். வெட்ஜால் உயரத் தூக்கினால் காற்றிடம் ஒப்படைத்த மாதிரி. 140 கெஜம் என்றால் இறக்கத்துக்குப் பத்து கெஜம் கழித்து, 8-அயர்னைக் குட்டைப் பிடியில் தாழ்வாக அடிக்கலாம். இலக்கு எப்போதும் கிரீனின் நடு. பங்கரில் விழுந்து பந்து விளிம்பை ஒட்டிக் கிடந்தால் கொடியை மறந்து, பக்கவாட்டிலோ பின்பக்கமோ வெளியே எடுத்துப் போடுங்கள். நான்கில் முடிப்பது இங்கே நல்ல கணக்கு. முன்பக்கமே தள்ளிப் பார்ப்போம் என்று மூன்று முறை முயன்றவர் ஏழில் முடிப்பார்.

மணலும் உயர் புல்லும்

பங்கரில் ஷாட்டுக்கு முன் கிளப்பால் மணலைத் தொடக் கூடாது. பந்துக்குப் பின்னால் வைக்கவும் கூடாது, ஒத்திகை வீச்சில் தட்டவும் கூடாது. எது பங்கர் என்பதே கேள்வியாகும் இடங்கள் இவை. விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸில் பங்கர்கள் ஆயிரத்தை நெருங்கும். 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன், பார்வையாளர்கள் மிதித்துப் போட்ட ஒரு மணல் திட்டில் கிளப்பைத் தரையில் வைத்தார். அதுவும் பங்கர் என்று அந்தப் போட்டியின் உள்ளூர் விதி சொன்னது. இரண்டு ஷாட் தண்டம். சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃப் ஆட்டத்துக்கான வாய்ப்பு போயிற்று. மணல் திட்டுகளை எப்படி நடத்துவது என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும், ஸ்கோர்கார்டின் பின்பக்கத்தை முதல் டீயிலேயே படித்துவிடுங்கள்.

பங்கருக்குள் ஆட முடியாத நிலை என்றால், ஒரு ஷாட் தண்டத்தோடு பங்கருக்குள்ளேயே டிராப் செய்யலாம். இரண்டு ஷாட் கொடுத்தால் கொடியிலிருந்து பந்து வழியாகப் பின்னோக்கிப் போகும் கோட்டில் பங்கருக்கு வெளியே டிராப் செய்யலாம். முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும்.

உயர ஃபெஸ்க்யூ தூரத்திலிருந்து மெல்லியதாக, பொன்னிறமாகத் தெரியும். உள்ளே போனால் புல் கிளப்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முகத்தை இடப்பக்கம் திருப்பிவிடும். பந்தின் மேல்பாதி தெரிந்தால் 9-அயர்ன் அல்லது வெட்ஜால், இறுக்கிப் பிடித்து, கிட்டத்திலுள்ள ஃபேர்வேக்கு அடியுங்கள். பந்தே சரியாகத் தெரியவில்லையென்றால் ஒரு ஷாட் தண்டம் கொடுத்து இரண்டு கிளப் நீளத்துக்குள் டிராப் செய்யுங்கள். அந்த இரண்டு கிளப் நீளமும் புல்லுக்குள்ளேயே முடிந்தால், கொடியிலிருந்து பின்னோக்கிப் போகும் கோட்டில் நல்ல தரை கிடைக்கிறதா பாருங்கள். தேட மூன்று நிமிடம்தான். சந்தேகம் வந்த உடனே டீயிலேயே இரண்டாவது பந்தை, இது புரொவிஷனல் (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆடும் மாற்றுப் பந்து) என்று வாயால் சொல்லிவிட்டு அடியுங்கள்.

புல்லுக்குள் இறங்குகிறவர்கள் உண்ணியை மறக்கக் கூடாது. லைம் நோயைப் பரப்பும் உண்ணி விஸ்கான்சினில் நிறைய. நீளக் கால்சட்டை, காலுறைக்கு மேல் பூச்சிவிரட்டித் தெளிப்பு. ஆட்டம் முடிந்து குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் வட்டமான தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். மூன்று இலை கொத்தாக நிற்கும் பாய்சன் ஐவி செடியையும் தொடாதீர்கள். அதில் உரசிய பந்தைத் துடைத்த துண்டால் முகத்தைத் துடைத்தால்கூட அரிக்கும்.

கடைசிக் குழிகள்

எரின் ஹில்ஸின் பதினெட்டாவது, பின் டீயிலிருந்து 600 கெஜத்தைத் தாண்டும் பார்-5. அதற்குள் கால் தளர்ந்திருக்கும், தளர்ந்த காலோடு ஓங்கினால் பந்து வலப்பக்கம் போகும். பதினான்காவது குழி முடிந்ததுமே ஒரு வாழைப்பழமும் உப்புக் கடலையும் சாப்பிட்டு, மீதித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். பதினெட்டில் இரண்டாவது ஷாட்டுக்கு மரக்கிளப்பை எடுக்காமல், 100 கெஜம் மீதி வைக்கும் அயர்னை எடுங்கள். இடி முழங்கி சங்கு ஊதினால் பாதி ஷாட்டில் இருந்தாலும் நிறுத்திவிட்டுத் தங்குமிடம் போங்கள். திறந்த மேட்டில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான். கேடிக்கான பணத்தைக் கிளப் கட்டடத்துக்குப் போகும் முன்பே கையில் கொடுத்துவிட்டு, ஷூவின் அடியில் ஒட்டிய விதைகளைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். அன்றே விமானம் என்றால் ஆட்டத்துக்கு ஐந்து மணி நேரம், குளியலுக்கு அரை மணி, சாலைக்கு ஒரு மணி, விமான நிலையத்தில் இரண்டு மணி என்று பின்னோக்கி எண்ணி, காலை எட்டு மணிக்கு முந்தைய டீ நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.